தழும்பில்லாத கைநாட்டு

வெளிநாட்டில் படிக்கும் பேரனுக்குப் பணம் அனுப்ப இன்று வங்கிக்குப் போயிருந்தேன். ஒரு சின்ன மெஷினில் பெருவிரலை வைக்கச் சொன்னாள் அங்கிருந்த பெண். மூன்று முறை வைத்தும் ரேகை விழவில்லை. என்ன தொழில் என்று கேட்டாள், சொன்னேன். "தையல்காரர் வெரலுங்களா, தேஞ்சிருக்கும் தாத்தா" என்றாள். நண்பா, உன் அம்மாவின் கைநாட்டு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

எண்பதுகளில் சவூதியில் நம் இருவருக்கும் ஒரே அறை. எனக்குத் தையல், உனக்குக் கொத்து வேலை. மற்றவர்கள் ஊருக்குப் போகிறவன் கையில் பணத்தைக் கொடுத்தனுப்புவார்கள். நீ மாட்டாய். அம்மா பெயரில் பேங்க் டிராஃப்ட் எடுத்து, பதிவுத் தபாலில், ஒப்புகைக் கார்டோடுதான் அனுப்புவாய். "எங்கம்மாவத் தவிர வேற யாரும் மாத்த முடியாது பாயி. அதான் பத்திரம்" என்பாய். நம்மூர் நல்லம்பள்ளியில் தபால்காரர் முன்னால் உன் அம்மா கைநாட்டு வைக்க, அந்த ரோஸ் நிறக் கார்டு உன்னிடம் திரும்பி வரும். எழுதத் தெரியாத அந்த அம்மா உனக்குப் போட்ட கடிதம் அதுதான். எப்போதோ அரிவாள் பட்ட தழும்பு ரேகைக்கு நடுவே வெள்ளைக் கோடாக விழுந்திருக்கும். அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சோறு தின்பாய். கிறுக்குப் பயல் என்று கேலி செய்வேன்.

ஒருநாள் என் மனைவியிடமிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. "உங்க ரூம்காரரோட அம்மா தவறிட்டாங்க. மூணு நாள் காய்ச்சல்தான். அவருகிட்ட சொல்லிடாதீங்க. வர முடியாத எடத்துல கெடந்து என்ன பண்ணிக்குவாரோன்னு அவரு தம்பி அழுவறாருங்க." உன் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம். கடிதத்தைத் துணி மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

அந்த மாதமும் கார்டு வந்தது. ஜன்னலோரம் நின்று திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"பாயி, தழும்பக் காணோமே."

"மை அப்பிக்கிச்சிப்பா. அம்மா அழுத்தி வெச்சிருப்பாங்க. நல்லாத்தான் இருக்காங்களாம், எங்கூட்ல எழுதியிருக்கு."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். "செரி" என்றாய். அன்று நீ சாப்பிடவில்லை. ஆனால் அடுத்த மாதமும் டிராஃப்ட் எடுத்தாய், அதற்கடுத்த மாதமும் எடுத்தாய். பிறகு வந்த கார்டுகளை நீ வெளிச்சத்தில் பிடிக்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கோழை, வேறென்ன சொல்ல.

நாம் ஊர் திரும்பிய அன்று, உன் தம்பி ஒரு மஞ்சள் பையிலிருந்து அம்மா போன பிறகு வந்த அத்தனை டிராஃப்டையும் எடுத்து உன் முன்னால் வைத்தான். கைநாட்டு வைத்தது அவன் மனைவி. கார்டு திரும்பாவிட்டால் நீ பதறிப்போவாய் என்று தபால்காரரும் சேர்ந்து செய்த காரியம். உன் அம்மா பெயரில் இருந்ததால் ஒன்றைக்கூட யாரும் மாற்றவில்லை. நீ சொன்ன மாதிரியே எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது.

நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். நீ அழவில்லை.

"அன்னிக்கே தெரியும் பாயி. அனுப்பறத நிறுத்திட்டா எங்கம்மா செத்துட்டான்னு ஆயிடுமில்ல. அதான் அனுப்பிக்கினே இருந்தேன்."

தழும்பில்லாமல் வந்த அந்த முதல் கார்டை என் கையில் கொடுத்தாய். எதற்கென்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்க நீயும் இல்லை.

வங்கியிலிருந்து வந்ததும் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மை மங்கிவிட்டது. அதில் தழும்பு கிடையாது, எனக்குத் தெரியாதா. இருந்தும் ஜன்னலோரம் நின்று தேடிக்கொண்டிருக்கிறேன்.