உன் அம்மாவின் வலக்கை வரலாறு

அன்பு மருமகளுக்கு,

மூன்று மாதமாகச் சாகக் கிடக்கும் உன் தாய்மாமன், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கால்மேல் கால் போட்டுக்கொண்டு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும், உள்ளே இருந்தபடியே உங்கள் இருவரையும் ஆட்டிவைக்கும் அந்தச் சின்ன ஆளும் நலமா?

இப்போது ஒரு கதை சொல்லப் போகிறேன். இதை யாரும் நம்ப மாட்டார்கள் என்று, நான் இதுவரை பழுதுபார்த்த அத்தனை லிப்ட்களின் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன். நம்பவும் கூடாது. "அவகிட்ட உண்மையைச் சொன்னேன்னா இந்த வீட்டுல உனக்குச் சாப்பாடு கிடையாது" என்பது உன் அம்மாவின் உத்தரவு. உண்மைக்குத்தான் தடை. புளுகுக்குத் தடை போட அவளுக்குத் தோன்றவில்லை. போனில் பேசலாம் என்றால் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். செய்தி அனுப்பலாம் என்றால் என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள். ஆகவே தபாலில் இந்தக் கடிதம்.

முதலில் என் உடல்நிலை. எனக்கு ஒரு கேடும் இல்லை. எனக்கு நோய் வந்த செய்தியையே நான் ஏணியின் மேல் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் கேள்விப்பட்டேன். கீழே உன் அம்மா உன்னிடம் போனில், "தம்பி படுத்த படுக்கையா இருக்கான், அவனை விட்டுட்டு எப்படிம்மா வர்றது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இறங்கிப் போய்ப் படுத்தேன்.

அன்றிலிருந்து நீ வீடியோவில் வரும்போதெல்லாம் போர்வையும் இருமலும்தான். சாதாரண இருமலா அது? அடிவயிற்றில் புறப்பட்டு, நெஞ்சில் இரண்டு வளைவு திரும்பி, மூக்கு வழியாக வெளியேறும். எதிர்வீட்டு நாய் குடும்பத்தோடு வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது. நீ கவலைப்பட்டு அனுப்பிய சத்து மாத்திரைகளை வீணாக்கக் கூடாதே என்று தின்று, இரண்டு சுற்று பெருத்துவிட்டேன். நோயாளி பெருத்தது தெரியக் கூடாது என்று உன் அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிடுகிறாள். இடது கையால் இழுத்துவிடுகிறாள். அதை நீ கவனித்தாயா? வலது கை வீடியோவில் வந்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்.

நோயாளி அந்தக் கைதான்.

உனக்குத் தெரியாததா, பார்லரில் நாள் முழுக்க அந்தக் கைதான் மேலே நிற்கும். ஒரு நேரம் டிரையர், ஒரு நேரம் உருளைச் சீப்பு, மற்ற நேரமெல்லாம் கத்தரிக்கோல். முதலில் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வலித்தது. பிறகு முழங்கையின் வெளிப்புறம். பிறகு தோள். வலி ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. "உனக்கென்ன பண்ணுது" என்று கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்ல, நீ உன் வேலையைப் பாருடா" என்பாள். காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொல்வாள்.

ஒண்ணுமில்லாத அந்தக் கையால் ஊருக்கு நேர்ந்ததைக் கேள். கை நெஞ்சுக்கு மேலே போகாததால், வாடிக்கையாளர்களைத் தாழ்வான முக்காலியில் உட்காரவைத்தாள். பிறகு தரையில். நீச்சல் பயிற்சி தரும் அந்த நெட்டைப் பெண்ணைப் படுக்கவைத்து, சுற்றி நடந்து வெட்டினாள். யாருடைய உச்சந்தலையும் அவள் கைக்கு எட்டவில்லை. இடப்பக்கம் காதுவரை, வலப்பக்கம் தோள்வரை என்று பாதி ஊர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தது. அதையே புது நாகரிகம் என்று நினைத்து, வேறு பார்லர்களில் வெட்டிக்கொள்பவர்களும் அப்படியே கேட்க ஆரம்பித்தார்கள். இடப்பக்கம் திரும்ப வேண்டிய பேருந்துகள்கூடப் பயணிகளின் தலைக்கனத்தால் நேராகப் போய்விட்டன என்று கேள்வி.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒரு லிப்ட் மெக்கானிக் சும்மா இருப்பானா? தலைமுறை தலைமுறையாக மனிதர்களை மேலே தூக்கியவன் நான். அக்காவின் கை எந்த மூலைக்கு? பார்லர் முழுக்கக் கயிறும் கப்பியும் ஸ்பிரிங்கும் பூட்டினேன். டிரையர் கூரையிலிருந்து தானே இறங்கி வரும். சீப்பு தொங்கும். ஷாம்பூ அலமாரி இடுப்புயரத்துக்கு வந்துவிட்டது. வலது கையை அசைக்கவே தேவையில்லாத ஒரு சாம்ராஜ்யத்தை நிறுவினேன். "பரவாயில்லையே, உனக்கும் மூளை இருக்கு" என்று உன் அம்மாவே பாராட்டினாள். பிறந்ததிலிருந்து அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அந்தப் பாராட்டின் பலன், கை அப்படியே உறைந்துவிட்டது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. பின்பக்கம் கொக்கி மாட்ட முடியவில்லை. அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. தலை வார முடியவில்லை. ஊருக்கெல்லாம் தலை வாரியவள் பரட்டைத் தலையோடு நின்றாள்.

இடையில் ஒரு சனிக்கிழமை. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் குழந்தையை முதன்முதலாக முடி வெட்ட அழைத்து வந்தாள். நாற்காலிக் கைப்பிடிகளின் குறுக்கே பலகை போட்டுக் குழந்தையை அதில் உட்காரவைப்பது உன் அம்மாவின் வழக்கம். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். பாதி உயரத்தில் மணிக்கட்டு மடங்கிவிட்டது. குழந்தை விழவில்லை. சரிந்தது, அதன் அம்மா பிடித்துக்கொண்டாள். குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்து, "இன்னொரு தடவை" என்று கேட்டது. உன் அம்மாவும் சிரித்தாள். முடியும் வெட்டி அனுப்பினாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, தலை கழுவும் நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டாள். விளக்கைக்கூடப் போடவில்லை.

இந்த இடத்தில் மிகைப்படுத்த எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மேலே போகிறேன்.

மறுநாள் நீ கூப்பிட்டாய். "பிறந்ததும் முதல்ல உன் கையிலதாம்மா குடுப்பேன்" என்று சொன்னாய். நான் ஏணியில் நின்றேன். எனக்கு நோய் வந்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகுதான் பிசியோதெரபிக்குச் சம்மதித்தாள். வந்த பெண்ணுக்கு நான் வைத்திருக்கும் பெயர் தளபதி. ஆள் ஒரு குடையளவுதான் இருப்பாள். குரலும் உயராது. ஆனால் அவள் "உக்காருங்க" என்றால் நாற்காலியே முதலில் உட்கார்ந்துவிடும். உன் அம்மா மணிக்கட்டை நீட்டினால் அவள் முதுகுப்பக்கம் போய்த் தோள்பட்டை எலும்பைத் தொட்டுப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "வலி வாசல்ல இருக்கு, நீங்க மொட்டைமாடியில தேடுறீங்களே" என்றேன். "கீழ்மாடியில மணி அடிக்கலைன்னா நீங்க எங்க சார் போய்ப் பார்ப்பீங்க" என்று கேட்டாள். மேலே மோட்டார் அறையில்தான் பார்ப்போம். வாயை மூடிக்கொண்டேன். இது வரலாற்றில் பதிய வேண்டிய செய்தி.

பிறகு அவள் எங்கள் இருவருக்குமாக விளக்கினாள். "வலிக்குதுன்னு கையை அசைக்காமலே விட்டுட்டீங்க. மூட்டைச் சுத்தி ஒரு பை மாதிரி இருக்கும், அது இறுகிப் போச்சு. தோள் செய்யாத வேலையையும் முழங்கையும் மணிக்கட்டும் சேர்த்துச் செஞ்சு நொந்து போச்சு" என்றாள். சொல்லிக்கொண்டே என் கயிறுகளையும் கப்பிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக வானிலையைக் கவனித்தேன்.

என் சாம்ராஜ்யம் அன்றே கலைக்கப்பட்டது. ஒரே ஒரு கப்பியை மட்டும் கதவின் மேல் விட்டுவைத்தாள். கயிற்றின் ஒரு முனை நல்ல கையில், மறுமுனை வலிக்கும் கையில். நல்ல கை கீழே இழுக்க, மற்றது மெல்ல மேலே ஏற வேண்டும். "அவ்வளவுதானா, விடுங்க, நானே ஒரே இழுப்புல மேல கொண்டுவந்துடறேன்" என்று நான் கயிற்றில் கை வைத்தேன். "இது லிப்ட் இல்ல சார். உள்ள இருக்கிறவங்களை இறக்கி விட்டுட்டு ரிப்பேர் பண்ண முடியாது" என்றாள்.

அப்புறம் தொடங்கியது தவம். வெந்நீர்ப் பையால் ஒத்தடம். மேசையில் சாய்ந்து கையைத் தொங்கவிட்டு ஊசல்போல ஆட்டுவது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் வரிசையாகத் தூங்கிப்போனார்கள். சுவரில் விரல்களால் நண்டு மாதிரி ஏறுவது. ஒருநாள் அந்த விரல்கள் சுவரைத் தாண்டி, கூரையைத் துளைத்து, மாடிவீட்டுக்காரரின் காபிக் கோப்பையைத் தட்டிவிட்டன. அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. முழங்கைக்கு, தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி. தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டை. அந்தப் பட்டை கட்டிய கையால் மேசையைத் தட்டி உன் அம்மா என்னைத் திட்டும்போது நீதிபதி மாதிரியே இருக்கும்.

உன் அம்மா ஏமாற்றாமல் இருப்பாளா? கையைத் தூக்கச் சொன்னால் உடம்பையே சாய்த்து, கை உயர்ந்ததுபோல் காட்டினாள். பார்லரில் நான்கு பக்கமும் கண்ணாடி. தளபதி கண்ணாடியைக் காட்டினாள். அங்கே எட்டுத் திசையிலும் எட்டு அக்காக்கள் கோணலாக நின்றார்கள். "இழுக்கிற மாதிரி இருந்தா தொடருங்க. குத்தினா நிறுத்திடுங்க. ரெண்டும் ஒண்ணில்ல" என்று சொல்லிக்கொடுத்தாள். இப்போதெல்லாம் நான் புளுகும்போதுகூட உன் அம்மா, "இது இழுக்குதுடா, குத்தலை, சொல்லு" என்கிறாள்.

ஒருநாள் தளபதி, "உங்களுக்கு என்ன செய்ய முடியணும்மா? தலை வாரணுமா, டிரையர் பிடிக்கணுமா" என்று கேட்டாள். உன் அம்மா கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "மூணு கிலோ தூக்கணும். கீழ போடாம" என்றாள்.

 தளபதி ஒரு கிலோ உப்புப் பொட்டலங்கள் மூன்றைத் துண்டில் சேர்த்துச் சுற்றச் சொன்னாள். சின்ன வயதில் என்னை முதுகில் உப்பு மூட்டை தூக்கித் திரிந்தவள், இப்போது நிஜமான உப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். கட்டைவிரலை விரித்து அக்குளில் பிடித்துத் தூக்கக் கூடாதாம். இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்க்கவைத்து, முன்கையோடு அள்ளி, உடம்போடு சேர்த்து அணைத்து எழ வேண்டுமாம். புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கே தப்பாகத் தூக்கித் தூக்கி இந்த மணிக்கட்டு வலி வருவதுண்டு என்று தளபதி சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

போன ஞாயிறு நீ பேசினாய். "உனக்கு உன் தம்பி இருமல்தான் பெருசு. இனிமே உன்னை வான்னு கூப்பிட மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தாய். வந்துகொண்டிருந்த இருமலை நான் நடுவழியில் விழுங்கினேன். உன் அம்மா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "எழுந்து சாப்பிடுடா, அவ வச்சிட்டா" என்றாள். அன்று சாப்பாட்டில் எனக்கே ருசி இல்லை என்றால் நீ யோசித்துக்கொள்.

கை இப்போது மூன்றாம் மாடி தாண்டிவிட்டது. மொட்டைமாடிக்கு இன்னும் சில மாதம் ஆகலாம். விமானத்தில் போகலாம், பெட்டியை மட்டும் வேறு யாராவது தூக்கட்டும் என்று தளபதி எழுதியே கொடுத்துவிட்டாள். ஆனாலும், "போயி என்னடா பண்ணப் போறேன், ஒரு கையோட" என்கிறாள் இவள்.

ஆகவே மருமகளே, ஒரு சதி செய்வோம். நீ அவளை வா என்று கூப்பிடாதே. "அம்மா, குழந்தையைத் தூக்கித் தூக்கியே மணிக்கட்டு போயிடும்ங்கிறாங்களே, எப்படித் தூக்கணும்னு எனக்கு யார் சொல்லித் தருவா" என்று மட்டும் கேள். நோயாளியாக அவள் ஓரடி எடுத்துவைக்க மாட்டாள். வாத்தியார் வேலை என்றால் நீ போனை வைப்பதற்குள் பெட்டியைக் கட்டிவிடுவாள். நானும் அதே நிமிடம் பூரண குணமடைந்துவிடுகிறேன்.

பிரசவம் அடுத்த மாதக் கடைசி என்கிறாய். அதற்குள் அவள் அங்கே இருக்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியை மாப்பிள்ளை வாங்கிக்கொள்ளட்டும். குழந்தை பிறந்ததும் முதலில் அவளை நாற்காலியில் உட்காரவை. முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை கொடு. பிறகு குழந்தையை அவள் கையில் வை. வைத்ததும் உன் கையை எடுத்துவிடு. விழுந்துவிடுமோ என்று பக்கத்தில் காவல் நிற்காதே. உன்னிடம் இந்த மாமன் கேட்பது அது ஒன்றுதான்.

நீ நல்லபடியாகப் பெற்றெழு. பிள்ளை உன் அம்மாவின் பிடிவாதமும் என் தொண்டையும் கொண்டு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உலகிலேயே கொழுத்த நோயாளியான
உன் மாமன்

மேலே உள்ளதெல்லாம் கலப்படமற்ற புளுகு. என் சாப்பாட்டுக்கு ஆபத்து வராமல் இதை நீ அப்படியே நம்பாமல் இருக்க வேண்டும். அந்த உப்புப் பொட்டலம் மட்டும் உண்மை. இன்று காலை சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். உன் அம்மா அதை அள்ளி எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு, துண்டின் ஒரு முனைக்கு அடியில் உள்ளங்கையை நகர்த்தி, கழுத்து மடங்காமல் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். உப்புக்குத் தலை ஏது என்று நான் கேட்கவில்லை.