ஏரிக்கரைக் கோவிலில் வாசித்த சட்டம்

1901 ஆகஸ்ட் 18, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள்: அவர், நான், என் தம்பி தாவெட்டி, அவன் மனைவி சோஃபி, அவர்களுடைய ஆறு பிள்ளைகள், சமையல் செய்யும் ரீக்கா. பதினொரு பேர். மீன் இரண்டு, கம்பு ரொட்டி நான்கு. மீதம் ஒன்றுமில்லை.

கோடைக்கு ஹெல்சிங்கியிலிருந்து தம்பி வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. அவன் இந்த ஏரிக்கரைச் சபைக்குப் போதகர். என் வீட்டுக்காரர் சட்டப் பேராசிரியர். மூன்று வருடமாக செனட்டர். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். இன்றும் அங்கேதான் போனது. நம் பையன்களைத் தன் படைக்கு எடுத்துக்கொள்ள நம்மையும் ஆளும் ரஷ்யப் பேரரசர் ஆணையிட்டிருக்கிறார். நம் நாட்டு மன்றத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே ஆட்சி நடத்தும் செனட் அதற்கு முத்திரை வைத்தால்தான் செல்லும்.

"அத்தான், நீங்க வைப்பீங்களா?" என்றான் தாவெட்டி.

"நான் வைக்கலன்னா என் நாற்காலில வேற ஒருத்தன் உக்காருவான். அவன் எல்லாத்துக்கும் வைப்பான்."

"அப்போ வாசிக்கப் போறது நானா?"

எந்த ஆணையும் நகரத்தில் அச்சடித்தால் போதாது. ஒவ்வொரு கோவிலிலும் பிரசங்க பீடத்திலிருந்து வாசித்தாக வேண்டும். தம்பியின் மூத்தவன் அல்போவுக்குப் பத்தொன்பது வயது. அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 21

பழச்சாறு பதினான்கு புட்டி. மாலை வெளிச்சம் தண்ணீர்மேல் வெகுநேரம் கிடந்தது, போக மனமில்லாததுபோல். கர்த்தாவே, அவருக்கு வழி காட்டும்.

ஆகஸ்ட் 27

அவர் நீராவிப் படகில் நகரத்துக்குப் போனார். புகை கரைந்த பிறகும் கரையிலேயே நின்றேன். நிற்கிறேனா, கனவில் நிற்பதாக நினைக்கிறேனா என்று சற்றுநேரம் தெரியவில்லை.

இதே கரையில் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இறங்கியவர். ஒரு கப்பல்காரரின் மகன். கையில் ஒரு பெட்டி, பெட்டி நிறைய புத்தகம். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. வேதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். அவர் எழுதியதைப் பிரதியெடுத்துப் பிரதியெடுத்துத்தான் ஸ்வீடிஷ் கற்றேன், சட்டமும் கொஞ்சம். அவருடைய பெரிய புத்தகத்தை மூன்று முறை எழுதினேன். அது வந்தபின் பேராசிரியர் பதவி, பிறகு பதக்கம், பிறகு செனட். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் புத்தகம்தான்.

செப்டம்பர் 12

கடிதம் வந்தது. முத்திரை வைத்துவிட்டாராம்.

நான் என்ன செய்யட்டும்? "மிச்சத்தைக் காப்பாற்ற" என்று எழுதியிருக்கிறார். எந்த மிச்சத்தைங்க? — கேட்டு எழுதவில்லை. காளான் உலர்த்தினேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

முத்திரையிட்ட பிரதி தாவெட்டிக்கு வந்துவிட்டது. அதைப் பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கிறான். வாசிக்க மாட்டேன் என்றால் வேலை போகும், இந்த வீடும் போகும். இருந்தும் மாட்டேன் என்றே சொல்லப்போவதாகச் சொன்னான். சோஃபி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "உங்க தைரியத்த அடுப்புல வெச்சுக் கஞ்சி காய்ச்ச முடியாது" என்றாள். பிறகு அவளே அல்போவின் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அக்டோபர் 5

அவர் வந்திருக்கிறார். மெலிந்துவிட்டார். தம்பி கடைசியில் வாசிக்க ஒப்புக்கொண்டான், நாளைக்குத்தான் அந்த நாள் என்று தெரிந்தே வந்திருக்கிறார். "நான் வெச்ச முத்திரை. அத வாசிக்கறத நான் கேக்கணும்" என்றார். தாவெட்டி அவருக்குக் காப்பி ஊற்றினான்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஏரி முழுக்கப் பனிமூட்டம். அக்கரைக் கிராமங்களிலிருந்து நீளமான கோவில் படகுகள் ஒவ்வொன்றாக வெண்மைக்குள்ளிருந்து வந்தன. முதலில் துடுப்புச் சத்தம், பிறகு ஆட்கள். கோவில் நிரம்பியது. நாங்கள் முதல் வரிசை.

பிரசங்கம் முடிந்தது. தாவெட்டி காகிதத்தை விரித்தான். முதல் வரி முடியும்முன் பின்னால் ஒரு பெண் எழுந்தாள்; கட்டைச் செருப்புச் சத்தம். பிறகு ஒரு வரிசை, பிறகு எல்லா வரிசையும். அல்போ தன் அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துப் போனான்.

ஆசீர்வாதம் வாங்காமல் நான் இதுவரை கோவிலைவிட்டு வெளியே போனதில்லை. நாற்பத்தாறு வயதாகிறது.

"ஏங்க, வாங்க" என்றேன்.

"நீ போ லீனா. நான் இருந்தாகணும்."

போனேன்.

எல்லாரும் படகுகளில் ஏறியிருந்தார்கள். என்னையும் யாரோ கைகொடுத்து ஏற்றினார்கள். செனட்டர் மனைவி என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. கரையைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய், துடுப்பைத் தூக்கிவிட்டுச் சும்மா மிதந்தோம். கரை தெரியவில்லை, பக்கத்துப் படகு தெரியவில்லை. ஒரு குழந்தையின் இருமல் மட்டும் எங்கிருந்தோ. அந்த வெண்மையில் நானும் கரைந்துவிட்டேன் என்று நினைத்தேன். பயமாக இல்லை.

வாசித்து முடிந்ததும் மணி அடித்தது. எல்லாரும் திரும்பிவந்து ஆசீர்வாதம் வாங்கினோம். அவர் அதே இடத்தில், தொப்பியை மடியில் வைத்தபடி. பீடத்தில் தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை.

அடுப்படியில் ரீக்கா எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்: "செனட்டர் ஐயாவுக்கு மட்டும் தனிக் கோவில்."

அவர் சாப்பிடவில்லை. கரையில் நடக்கும்போது சொன்னார். "முப்பது வருஷமாச் சட்டம் படிக்கறேன், லீனா. இன்னிக்கு அந்தக் காலி பெஞ்சுக்கு நடுவுல கேட்டப்போ, அது சட்டம் மாதிரியே காதுல விழல."

அக்டோபர் 14, ஹெல்சிங்கி

வீடு திரும்பினோம். குளிர்காலத்துக்கு இரட்டை ஜன்னல்கள் மாட்டி, நடுவே பஞ்சு வைத்தாயிற்று. அவர் செனட்டுக்குப் போகவில்லை. தன் பெரிய புத்தகத்தின் பழைய பிரதியில் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவரச் சொன்னார். "கூடியிருக்கும் சபையின் செவியில் விழாத ஆணை ஆணையாகாது." ஜன்னலோரம் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இத நான்தான் எழுதினேனா?"

"நீங்க சொன்னீங்க. நான் எழுதினேன்."

அக்டோபர் 23

சபையார் எழுந்துபோன கோவில்களில் வாசித்தது செல்லுமா என்று செனட் அவரிடமே கருத்துக் கேட்டிருக்கிறது. செல்லும் என்று சொல்வார் என்றுதான் நம்புகிறார்கள். முத்திரை வைத்தவர் ஆயிற்றே.

இன்று முழுக்க எழுதினார். நான் பிரதியெடுத்தேன். செல்லாது என்றுதான் எழுதுகிறார் என்று முதல் தாளிலேயே தெரிந்துவிட்டது. ஒரு தாளை வீணாக்கினேன்.

அக்டோபர் 29

தம்பிக்குக் கடிதம். அனுப்புமுன் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அன்புள்ள தாவெட்டி,

நாங்கள் சுகம். உன் அத்தான் நேற்று செனட்டிலிருந்து விலகினார். பேராசிரியர் பதவியும் நிலைக்காது என்கிறார்கள்; கடல் தாண்டி அனுப்பிவிடுவார்கள் என்றும் பேச்சு. அவர் நன்றாகத் தூங்குகிறார்.

உங்கள் கோவிலில் வாசித்தது பற்றிய அவருடைய கருத்துரையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. நீ வாசித்து முடித்தபோது கோவிலுக்குள் எத்தனை பேர் இருந்தார்கள்? மணி அடிக்கும் கோயில்பிள்ளை உள்ளேதான் இருந்தார், ஆனால் காது கேளாதவர். அவரைச் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. உன் அத்தான் தன்னைச் சேர்க்க வேண்டாம் என்கிறார். நான் சேர்க்கத்தான் வேண்டும் என்கிறேன். கணக்கு கணக்குதான்.

உன் வேலையை நினைத்துப் பயப்படுவாய். யோசித்துப் பார்த்தேன். நீ கையெழுத்திட்டு செனட்டுக்கு அனுப்பிய சான்றில் வாசித்தேன் என்றுதான் இருக்கிறது. கேட்டார்கள் என்று நீ எங்கும் எழுதவில்லை. ஆகவே பொய் சொன்னவன் ஆக மாட்டாய். அப்படியும் மனமில்லை என்றால், இல்லை என்று எழுது. உன்மேல் வருத்தம் வராது.

சனிக்கிழமை இந்த வீட்டைக் காலி செய்கிறோம். எத்தனை பேர் என்று உன் கையால் எழுதி, அதற்குள் கிடைக்கும்படி சீக்கிரம் பதில் போடு.

அக்கா