ஆரஞ்சு நிறத்தில் முத்துவீரன்

14.11.2006
இன்றைக்கு மட்டும் மூன்று காதுகுத்து அழைப்பிதழ், ஒரு கல்யாண போஸ்டர். போஸ்டரில் இருபத்தாறு தலை. பொண்ணும் மாப்பிள்ளையும் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ஒரு தாய்மாமன் முகம் விட்டுப்போனால் கல்யாணமே நின்றுவிடுமாம். இந்த அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. நான் நினைத்தபடி ஒன்றுகூட அச்சானதில்லை. “ஷர்மின், அந்த மூலை சும்மாதான கெடக்கு, ஒரு ரோசாப்பூவப் போடும்மா.” எங்கள் முதலாளி உமர் பாருக்குக்கு வெற்றிடத்தைக் கண்டாலே ஆகாது.

17.11.2006
தம்பி அப்சல் ஷார்ஜாவிலிருந்து பார்சல் கொடுத்துவிட்டிருக்கிறான். ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்களைக் கழுவித் துடைக்கிற வேலை அவனுக்கு. ஒரு காரின் சீட்டுக்கு அடியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்தனவாம், பதினொரு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு விளையாட்டுக்காரன் படம். ரொம்பப் பழசு. ‘யாரும் கேட்டு வரல. உனக்குத்தான் படம்னா பைத்தியமாச்சே’ என்று எழுதியிருக்கிறான். கிரிக்கெட் என்றார்கள் அம்மா. மட்டை உருட்டுக்கட்டையாக இருக்கிறதே! பேஸ்பாலாம்.

18.11.2006
சாப்பாட்டு நேரத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சாப்பிடவில்லை.
மொத்தமே மூன்று மை. நான்காவது நிறம் தாளின் வெறும் நிறம்தான். பின்னணி முழுக்க ஒரே ஆரஞ்சு. மேகம் இல்லை, மைதானம் இல்லை, பூ இல்லை. முகத்தைப் பெரிதாக வைத்து, தொப்பியின் நுனியைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டான் வரைந்தவன். நான் தொப்பியை வெட்டினால் முதலாளி என்னை வெட்டிவிடுவார். பெயர் ஓரமாக, மேலிருந்து கீழே இறங்குகிறது. ஓர் அட்டையில் சிவப்பு சரியாக உட்காராமல் உதட்டைவிட்டு ஒரு நூல் அளவு விலகியிருக்கிறது. நம் மிஷினில் இப்படி விழுந்தால் தாளைக் கிழித்துப் போடுவோம். இங்கே அதனால்தான் அந்த ஆள் இப்போதுதான் ஏதோ பேசி முடித்த மாதிரி இருக்கிறான்.
இவர்கள் யார், ஜெயித்தார்களா தோற்றார்களா, எதுவும் தெரியாது. பெயரைக்கூட வாசிக்க முடியாது. ஆனாலும் சந்தையில் பார்த்தால் பதினொரு பேரையும் அடையாளம் சொல்லிவிடுவேன். நான் போட்ட இருபத்தாறு தலையில் ஒன்றையாவது சொல்ல முடியுமா?

9.12.2006
மார்க்கையன்கோட்டை கபடிக் குழு பொங்கல் போட்டிக்கு போஸ்டர் கேட்டு வந்தது. ஆட்டக்காரருக்கு ஆளுக்கொரு அட்டை அடித்து, பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கலாமே என்று நானே வாயைக் கொடுத்தேன். ஜப்பான் அட்டைகளைக் காட்டினேன். கேப்டன் முத்துவீரனுக்குப் பிடித்துவிட்டது.
முதலாளி தாடியைத் தடவினார். “சரி, இந்த ஒரு வேலைய உன் இஷ்டத்துக்குச் செய். ஒருத்தன் கொறை சொன்னாலும் இனி கஸ்டமர் சொல்றதுதான். நீ வாயத் தொறக்கக் கூடாது.”
சரி என்றேன்.

23.12.2006
ஏழு பேரையும் வெயிலில் நிறுத்திப் படம் எடுத்தேன். “கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கக்கா.” முடியாது என்றேன். கூலிங் கிளாஸ்? முடியாது. முத்துவீரனின் கருத்த முகமும், மூக்குத்தண்டில் பழைய அடிபட்ட தழும்பும் ஆரஞ்சுக்கு முன்னால் அவ்வளவு அழகாக உட்கார்ந்தன.

30.12.2006
அச்சாகிவிட்டது. நான் நினைத்தபடியே! மாதிரிக்கு ஒரு கட்டு ஊருக்குப் போயிருக்கிறது. மீதியை இன்னும் வெட்டவில்லை.

3.1.2007
முத்துவீரனின் அம்மா ராக்கம்மாள் அச்சகத்துக்கே வந்துவிட்டார்.
“ஏ ஆத்தா, எம்புள்ள ஒனக்கு என்ன பாவம் செஞ்சான்? தனியாத் தலையப் போட்டு, பக்கத்துல பேரப் போட்டு, ஒரு சிரிப்புக்கூட இல்லாம... உசுரோட இருக்கவனுக்குக் கண்ணீர் அஞ்சலி அடிப்பாகளா?”
அட்டையைப் பார்த்த சொந்தக்காரி ஒருத்தி, எப்படிச் செத்தான் என்று கேட்டு ஒப்பாரியே வைத்துவிட்டாளாம்.
நம் ஊர்ச் சுவரில் ஒரே ஒரு முகம் தனியாக இருந்தால் அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். உயிரோடு இருப்பவர் கூட்டத்தோடுதான் இருப்பார். வாரத்துக்கு நான்கு அஞ்சலி போஸ்டர் செய்கிறவள் நான். எனக்கு எப்படி இது தோணாமப் போச்சு? எரிச்சல் அவர் மேலா, என் மேலா?
முதலாளி ரோஜாப்பூ சிடியை எடுத்து என் மேஜையில் வைத்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

5.1.2007
ஊருக்குப் போன கட்டைக் குழுவினரே திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டார்களாம். வெட்டாத தாள்களையெல்லாம் பில் புக்குக்கு அடி அட்டையாக வெட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் இடமில்லை என்று என் பைலையும் அழித்தாயிற்று. முத்துவீரனில் ஒன்றை மட்டும் எடுத்து ஒளித்துக்கொண்டேன். பதினொன்று பன்னிரண்டானது.

12.1.2007
பிளெக்ஸ் போர்டு முடிந்தது. கோப்பை கொடுக்கும் ஒச்சாண்டி ஐயா நடுவில் ஆளுயரத்துக்கு. ஏழு பேரும் பவுடர் பூசிய மாதிரி வெளுத்து, கூலிங் கிளாஸோடு, யாருடையதோ கோட்டுக்குள். இரண்டு புலி. நாற்பத்தொரு தலை. எல்லோருக்கும் திருப்தி.

2.3.2007
ரோஜா, ரோஜா, ரோஜா.

10.5.2007
மத்தியானம் ராக்கம்மாள் வந்தார். மறுபடியும் என்ன வம்போ என்று எழுந்து நின்றேன்.
“ஏ பாப்பா, அந்தப் படம் இருக்கா?”
முத்துவீரனை போலீசில் எடுத்துவிட்டார்களாம். ஆவடியில் பயிற்சி, வந்து பார்க்க லீவு இல்லை. நேற்று உரக்கடையில் பில் புக்கைப் புரட்டியபோது அடி அட்டையில் பாதி முகம்.
“ஒரு கண்ணும் மூக்குந்தான் இருந்துச்சு. ஆனா எம்புள்ளதான். அந்தத் தழும்பு, சின்னதுல கெணத்துமேட்டுல விழுந்தது. பிளெக்ஸுல இருக்கவன் எவனோ, அத மாட்டுக் கொட்டத்து மேல போத்திட்டேன். எனக்கு முழுசா வேணும்.”
இருந்தது ஒன்றே ஒன்று. ஐந்து வருஷத்தில் என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான். கொடுக்க மனசே இல்லை. பையைத் திறந்து, பன்னிரண்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
ரொம்ப நேரம் பார்த்தார். “நெத்திதான் வெறிச்சுன்னு கெடக்கு.” இடுப்பில் செருகியிருந்த வீரபாண்டிக் கோயில் பொட்டலத்தைப் பிரித்து, நான் தடுப்பதற்குள் அட்டையில் திருநீற்றை இழுத்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டேன். இந்த ஊரில் யாருக்குமே கை சும்மா இருக்காதா?
பிறகு பார்த்தேன். கோடு சரியாக உட்காராமல், நெற்றியைவிட்டு ஒரு நூல் விலகி ஆரஞ்சில் விழுந்திருந்தது. இப்போதுதான் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறவன் மாதிரி இருந்தான்.
“கோணலா விழுந்துருச்சோ?” என்று முந்தானையை எடுத்தார்.
“வேணாம்மா, தொடச்சிராதீக. அப்படியே இருக்கட்டும்” என்றேன்.