வலிக்கவில்லை என்றீர்களே, மச்சான்

என்னை 'மாப்ள' என்று வாய் நிறையக் கூப்பிட்ட ஒரே ஆளான என் மச்சானுக்கு,

பதினைந்து வருடம் கழித்து எழுதுகிறேன். ஹல்துமுல்லையில் ஒரு வாரமாக மழை விடவில்லை. அக்கா சுகமாக இருக்கிறாள். முழங்கால் வலியால் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்திவிட்டாள். உங்கள் மகள் தர்ஷினி உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். நீங்கள் போனபோது அவளுக்கு இரண்டு வயது. நான் பண்டாரவளையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலைக்கு நிற்கிறேன். தேயிலை ஃபெக்டரிப் பக்கம் அதன்பின் போகவில்லை.

நடந்ததை உங்களுக்கே திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைத் தோட்டத்தில் மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். தேயிலை காயவைக்கும் உலைக்கு விறகு போடுவது நீங்கள், எடுத்துக் கொடுப்பது நான். அன்று காலை நீங்கள் உலைக் கதவைத் திறந்ததும் தீ வெளியே பாய்ந்தது. நீங்கள் நேர் எதிரே நின்றீர்கள். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கு இடது கையும் தோளும்தான் வெந்தன. உங்களுக்கு நெஞ்சு, முதுகு, இரண்டு கைகள். சட்டை தீப்பற்றி உடம்போடு ஒட்டிப் போயிருந்தது.

ஃபெக்டரி லொறி கொழுந்து ஏற்ற மலைக்குப் போயிருந்தது. ரோட்டில் போன ஒரு த்ரீவீலரை மறித்தார்கள். அதில் ஒருவரைத்தான் கிடத்த முடியும். நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் சத்தமில்லாமல் சாக்கின்மேல் கிடந்தீர்கள். உங்கள் குரல் கட்டிப் போயிருந்தது. பக்கத்தில் கிடந்த எனக்கும் குனிந்து நின்ற அந்த டிரைவருக்கும் மட்டும்தான் நீங்கள் சொன்னது கேட்டது.

"மொதல்ல இவன ஏத்துங்க. எனக்கு வலிக்கல."

என்னை ஏற்றினார்கள். நீங்கள் லொறி திரும்பியபின் அதில் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தீர்கள். நடுவில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருந்தது.

வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எனக்குக் காற்றுப் பட்டாலே உயிர் போனது. உங்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது, மச்சான். மூன்றாம் நாள் டாக்டரம்மாவிடம், "அவருக்குப் பரவால்லீங்களே, வலியே இல்லேங்கிறாரு" என்றேன். யாழ்ப்பாணத்துக்காரர் அவர். என் கட்டிலோரம் வந்து நின்று சொன்னார்.

"வலி இல்லையெண்டால் நல்லதெண்டு நினைக்காதேங்கோ, தம்பி. வலியை அறியிற நரம்பெல்லாம் உள்தோலுக்குள்ளாலதான் ஓடுது. உங்களுக்கு மேல்தோலும் உள்தோலில கொஞ்சமும்தான் போனது, அதாலதான் இந்த வலி. அவருக்கு நரம்போட சேர்த்து எரிஞ்சு போச்சு."

தோல் என்றால் உடம்புக்கு மேலே போர்த்திய ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உடம்பின் தண்ணீரை உள்ளே பிடித்து வைப்பதும், சூட்டைக் காப்பதும், கிருமியை வெளியே நிறுத்துவதும் அதுதானாம். அதனால்தான் எவ்வளவு சேலைன் ஏற்றியும் உங்களுக்குப் போதவில்லை. பதுளை வெயிலில் நாங்கள் வியர்த்துக் கிடக்க, நீங்கள் மட்டும் "குளிருது மாப்ள, இன்னொரு கம்பளி கேளு" என்றீர்கள்.

உங்கள் குரல் ஏன் கட்டியது என்றும் கேட்டேன். மூச்சுக்குழாயின் உள்பக்கத்தில் ஈரமான ஒரு சவ்வு இருக்கிறதாம். சூட்டுப் புகையில் அது வெந்து வீங்கிவிட்டது என்றார். "ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தா?" என்று கேட்டேன். "அதை ஒருத்தராலயும் சொல்லேலாது" என்றார்.

ஆறாம் நாள் விடியும்போது உங்கள் கட்டில் காலியாக இருந்தது.

பிறகு என் தொடையிலிருந்து கடதாசிபோல மெல்லிதாகத் தோலைச் சீவி எடுத்து, கையில் ஆழமாக வெந்திருந்த இடத்தில் ஒட்டினார்கள். தொடை தானே ஆறிக்கொண்டது. மயிர்க்கால்களில் மிஞ்சியிருந்த தோலிலிருந்து புதுத்தோல் படர்ந்ததாம். ஒட்டிய இடத்தில் இன்றும் வியர்ப்பதில்லை, மயிர் முளைப்பதில்லை. எண்ணெய் தடவாவிட்டால் வெடிக்கும். ஆனால் அது உயிரோடு இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், முப்பத்தோராம் நாள் காரியத்தில் அக்கா என்னிடம் ஒன்று கேட்டாள். "ரெண்டு பேருக்கும்தானே பட்டிச்சு, ஒன்னைய மட்டும் ஏன் மொதல்ல கொண்டு போனாங்க?" நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நீங்கள் விட்டுக் கொடுத்ததைச் சொன்னால், நான் வாங்கிக்கொண்டதையும் சொல்ல வேண்டுமே. அதன்பின் அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போடுவாள், பேச மாட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா இருக்கும் லயத்து வீட்டுக்குப் போயிருந்தேன். தர்ஷினி கொப்பியில் தோலின் படம் வரைந்துகொண்டிருந்தாள். "மாமா, கைய இங்க வைங்க" என்று என் இடது கையைப் படத்துக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, வியர்வைச் சுரப்பி, மயிர்க்கால், கொழுப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். பிறகு, "ஆழமா வெந்தா நரம்பு நுனியும் செத்துரும், அங்க வலி தெரியாது" என்று புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"அப்ப ஒங்கப்பாவுக்கு வலிக்கலயாடி?"

தர்ஷினி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் சொன்னேன், மச்சான். சாக்கு, த்ரீவீலர், நீங்கள் சொன்ன வார்த்தை, டாக்டரம்மா சொன்னது, எல்லாவற்றையும். "நா கத்துனதாலதான் என்னைய ஏத்துனாங்கக்கா. கத்தாத ஆளுக்குத்தான் ஆபத்துன்னு அங்க யாருக்கும் தெரியல. எனக்கும் தெரியல."

அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையை எடுத்து, ஒட்டுத்தோலின் விளிம்பை விரலால் தடவினாள். அவள் தொட்டது எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றாள். என் கையை விடாமல், "நரம்பு செத்துச்சோ என்னமோ. அவரு வலிச்சிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு" என்றாள்.

அதற்கு தர்ஷினியின் புத்தகத்தில் பதில் இல்லை. ஆழமான காயத்துக்கும் ஓரங்கள் உண்டு, அங்கே நரம்பு உயிரோடுதான் இருக்கும் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அப்படியானால் உங்களுக்கு எவ்வளவு வலித்தது? தெரிந்தேதான் பொய் சொன்னீர்களா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

அடுத்த மாதம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் முதலுதவி வகுப்பு வைக்கிறார்கள். அக்காவும் என்னோடு வருகிறாள். என் கையைக் காட்டி, வெந்தவர்களில் அமைதியாகக் கிடப்பவரை முதலில் ஏற்றுங்கள், அவர் வேண்டாம் என்றாலும் ஏற்றுங்கள் என்று சொல்லப் போகிறேன். கூச்சப்படாமல், உங்கள் பெயரைச் சொல்லியே சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் மனைவியின் தம்பி,
உங்கள் மாப்ள,
கணேசன்