அருவியில் விழாத பல்

உனக்கு இப்போது கடிதம் எழுதுவது அசட்டுத்தனம் என்று தெரியும், பொறுத்துக்கொள். நீ இருந்த காலத்திலேயே சொல்ல வேண்டியதை நேரில் சொல்ல எனக்கு வராது.

நேற்று உன் மகளைத் தென்காசியில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அறைக்குள் நுழைந்ததும் கிராம்புத் தைல வாசனை அடித்தது. நீயும் நானும் குற்றாலத்தில் போய் உட்கார்ந்திருந்த அந்த முற்பகல் நினைவுக்கு வந்துவிட்டது. அவளுக்குப் பதினொரு வயது நடக்கிறது. மேல் வரிசையில் ஒரு பல், மற்றப் பற்களின் மேல் ஏறி முளைத்திருக்கிறது. தெற்றுப்பல். நோய் எதுவும் இல்லை, எடுத்துவிட்டால் பார்வைக்கு நன்றாயிருக்கும் என்றார் டாக்டர். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

என்னை அனுப்பியவர் உன் வீட்டுக்காரர். "நீங்க பி.ஏ. படிச்சவுக. டாக்டர் சொல்லுதது உங்களுக்குத்தான் வெளங்கும்" என்றார். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், மருந்துச் சீட்டிலிருந்து ரயில் அட்டவணை வரை எல்லாம் எனக்கு விளங்கும் என்று நினைக்கிறார்கள்.

குற்றாலம் போன அன்றைக்கு, அடுத்தடுத்த வீட்டுக்காரிகளான நமக்குப் பதினைந்து வயது. மேலகரத்தில் உன்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டமும் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனதோடு சரி. மூன்றாவதாக அச்சன்புதூரிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்ததும் உன் தெற்றுப்பல்லை எடுத்துவிடுவதென்று உன் அம்மா முடிவு செய்துவிட்டார். சாரல் காலத்தில் கொல்லத்திலிருந்து ஒரு பல் வைத்தியர் வந்து குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்குவார். காலால் மிதித்துச் சுழற்றும் இயந்திரம் ஒன்று வைத்திருந்தார். உன் பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல பல்லாணல்லோ. இதை எடுக்கணோ?" என்று உன்னிடம்தான் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் சுவரைப் பார்த்தேன். "எடுத்திருங்க" என்றார் உன் அம்மா.

புண் ஆறிய பிறகு அந்த இடத்தில் ஒரு தங்கப்பல்லைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டுவதாக ஏற்பாடு. திரும்பும் வழியில் வண்டியில் உன் அம்மா சொன்னார்: "மாப்பிள்ள வீட்டுல கேட்டா, அருவில வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிருவோம்."

"எந்த அருவின்னு கேட்டா?" என்றேன். அன்று நான் பேசியது அது ஒன்றுதான்.

வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு நீ சொன்னாய்: "சிற்றருவின்னு மட்டும் சொல்லிராதிய. அங்கன போயா விழுந்தான்னு சிரிப்பாக." உன் அம்மாவே சிரித்துவிட்டார். ஐந்தருவி என்று முடிவாயிற்று.

தங்கப்பல் அச்சன்புதூரில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. விருந்தாளி வந்தால் உன் மாமியார், "சிரியேன் தாயி" என்பார். "முன்னால வாய மூடுன்னாக. இப்ப தொறங்காக" என்று என்னிடம் சொன்னாய். ஐந்தருவிக் கதையையும் சொல்லச் சொல்ல நீட்டிக்கொண்டு போனாய். ஒரு விடுமுறைக்கு நான் வந்தபோது அதில் ஒரு குரங்கும் சேர்ந்திருந்தது. உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "அந்தக் கொரங்கு அம்புட்டுப் பெருசாவா இருந்துது?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

அடுக்களைக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஏட்டி, இது எனக்கும் ஒனக்கும் எங்கம்மைக்குந்தான் தெரியும். யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு." பண்ணினேன். உன் கையிலிருந்த மாவு என் கையிலும் ஒட்டிற்று.

உன் அம்மா உனக்கு முன்பே போய்விட்டார். விஷக்காய்ச்சலில் நீ போய் இரண்டு வருஷமாகிறது. உன்னைக் குளிப்பாட்டி நகைகளைக் கழற்றியபோது, பல்லையும் கழற்றவா என்று ஒருத்தி கேட்டாள். "அது அவ மொகத்துல உள்ளதுல்லா. இருக்கட்டும்" என்றார் உன் மாமியார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அவர்தான் இப்போது உன் மகளிடம், "எங்க வம்சத்துல இப்பிடிப் பல்லு கெடையாது. ஒங்கம்மைக்கு முத்து முத்தா வரிசை. ஒனக்கு எங்கயிருந்துட்டி வந்துது?" என்று கேட்கிறார். பொய் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொல்கிறார். அவள் சிரிக்கும்போது உள்ளங்கையால் வாயை மறைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் நடத்தும் வகுப்பில்தான் படிக்கிறாள். விடை தெரிந்தாலும் எழுந்திருப்பதில்லை.

நேற்று, பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடும் பஸ்ஸில் திரும்பி வரும்போது, "டாக்டர் எடுக்கவான்னு கேட்டாரே, நீ ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டேன்.

"எடுக்கட்டும் சித்தி" என்றாள். "எடுத்துட்டா அம்மை மாதிரி ஆயிருவேம்லா?"

நான் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் பல்லை எடுப்பதில் எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை. தங்கப்பல் உனக்கு நன்றாகத்தான் இருந்தது. பழைய பல்லை நினைத்து நீ வருத்தப்பட்டதாகவும் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பெண் உன்னைப் போல ஆக வேண்டும் என்று, உன்னிடமிருந்து வந்ததைப் பிடுங்கிப்போடப் போகிறாள். இந்த ஊரில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். உனக்குச் செய்து கொடுத்த சத்தியம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இவ்வளவு பக்கம் எழுதியதும் அதைப் பற்றிக் கேட்கத்தான்.

அதிலிருந்து என்னை விடுவித்துவிடு. ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டேன். உன் வீட்டுக்காரருக்கு ஐந்தருவியும் குரங்கும் இருந்துவிட்டுப் போகட்டும். அவளிடம் மட்டும், ஞாயிற்றுக்கிழமை, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்கிறேன். அதன் பிறகு எடுப்பதா வைத்துக்கொள்வதா என்பதை அவளே டாக்டரிடம் சொல்லட்டும். அம்மைக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று கட்டாயம் கேட்பாள். "இடது பக்கம், உனக்கு இருக்கும் அதே இடத்தில்" என்று அவளிடம் சொல்ல என்னை விடு.