இன்ஸ்பெக்டருக்கு ஒரு விருதுப் படம்

திங்கள்

காலையிலேயே கொளுத்தும் வெயில். ஸ்டுடியோ ஏ.சி. மறுபடி மக்கர். விருது வாங்கும் அரசு ஊழியர்களின் படங்கள், பெரிய சைஸ், பிரேமோடு. ஜோலார்பேட்டை நர்சம்மா முடிந்தது. கண்ணாடியைக் கழற்றமாட்டேன் என்று ஒரே அடம். தீயணைப்புக்காரர் முடிந்தது, சிரிப்பே வரவில்லை மனுஷனுக்கு. கடைசியாக இன்ஸ்பெக்டர்.

வழக்கம்போல முகவாயை இரண்டு விரலால் நிமிர்த்தப் போனேன். மணிக்கட்டைப் பிடித்து ஒரு முறுக்கு. முட்டி போட்டு விழுந்தேன். அப்புறம் சிரிக்கிறார்.

"கை தானா வந்துடுதுபா. தப்பா எடுத்துக்காத."

கை வீங்கிவிட்டது. படம் நன்றாக வந்திருக்கிறது, அதுதான் கடுப்பு.

செவ்வாய்

இன்ஸ். கன்னத்துக் குழிகளைக் கம்ப்யூட்டரில் அழித்துக்கொண்டிருந்தேன். தம்பி குமார் வந்தான். போன மாதம் ஷூ கம்பெனி கேட் முன்னால் நடந்த தடியடியில் தாடை உடைந்தவன். பல்லெல்லாம் கம்பிக்கட்டு. கஞ்சி மட்டும், அதுவும் ஸ்ட்ராவில்.

ஸ்க்ரீனைப் பார்த்தான். ஸ்டூலைத் தூக்கி அதன்மேலேயே போட்டான். கண்ணாடி தெறித்து என் புறங்கையெல்லாம் ரத்தம்.

"இவன்தாண்ணா. கீழ வுழுந்தப்புறமும் அடிச்சான்."

எங்கள் புகாரில் இதுவரை 'பெயர் தெரியாத அதிகாரி'. இப்போது பெயர் தெரியும்.

புதன்

வக்கீலம்மாவிடம் போனோம்.

"பேரு கெடச்சுடுச்சுல்ல, இனிமே கேஸ் நிக்கும். நாளைக்கு மத்தியானம் மனு போட்டுடலாம். அதுவரைக்கும் அவர் மேல கை கிய் வெச்சுடாதீங்க. கேஸையே திருப்பிடுவாரு."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சரி என்றேன். வீட்டில் என் மனைவி: "உன் கோவம் அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சு பாரு."

லைட் ஸ்டாண்டைத் தூக்கி அந்த இன்ஸ்பெக்டர் வாயிலேயே போடவேண்டும் போல இருக்கிறது. இங்கே எழுதியாவது தொலைக்கிறேன்.

வியாழன்

குமார் வக்கீலிடம் போகக் கிளம்பி ஸ்டுடியோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சொல்லாமல் கொள்ளாமல் இன்ஸ். வந்து நிற்கிறார். சிரித்த முகமாக இன்னொரு படம் வேண்டுமாம். குமாரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாபா, வாயில கம்பி? வண்டில வுழுந்துட்டியா?"

நடிப்பில்லை. உண்மையாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

குமார் எழுந்தான். "கம்பெனி கேட்டாண்ட நீங்கதான் சார் அடிச்சீங்க."

இன்ஸ். கொஞ்சம் யோசித்தார். "எந்த கேட்டு?"

அடித்தேன். வாயிலேயே. பல் ஒன்று தரையில். விழுந்த பிறகும் அடித்தேன். வெளியே இருந்த அவருடைய ஜீப் டிரைவர் ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டு, அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

குமார் தலையில் அடித்துக்கொள்கிறான். "பேரு கெடச்சும் வீணாக்கிட்டியேண்ணா!"

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர்: "இனிமே புகார் குடுக்கறது அவருதான்."

குமாரைப் பின்பக்கமாகப் போகச் சொன்னேன். போகமாட்டேன் என்கிறான். வாசலில் இன்னொரு போலீஸ் ஜீப்.