முதலாளியைக் காணோம்

மார்ச் 3, திங்கள்
தையல் மிஷினுக்கு மோட்டார் போட்டாயிற்று. இருபது வருடம் மிதித்த முழங்காலுக்கு இனி ஓய்வு. வெள்ளிக்குள் நாற்பது பள்ளிச் சீருடை கொடுக்க வேண்டும். இந்த வேகத்துக்கு அதெல்லாம் ஒரு வேலையா?

முதலாளிக்குத்தான் பிடிக்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பீரோ மேல் ஏறிவிட்டான். எங்கள் பூனைக்கு அந்தப் பெயரை வைத்தது என் வீட்டுக்காரர். ஒரு வேலையும் செய்யாமல், மிஷினுக்கு அடியில் என் இடது காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு, என்னை வேலை வாங்குகிறானாம்.

மார்ச் 4
மதியச் சாப்பாட்டுக்கு முதலாளி வரவில்லை. பின்பக்க ஜன்னல் திறந்து கிடக்கிறது. திறந்தது இவர்.

"காத்து வரட்டும்னு திறந்தேன். அது போயிடும்னு நான் கனவா கண்டேன்?"

வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். ஒன்பது வருஷமா வளர்த்த பிள்ளை. எங்க போச்சோ.

மார்ச் 5
கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. அவன் படம் போட்ட நோட்டீஸைத் தெரு முழுக்க ஒட்டினோம். இவர் அந்த வரிசை, நான் இந்த வரிசை. 

மார்ச் 6
கால்நடை டாக்டருக்கு போன் செய்தேன்.

"வீட்டுப் பூனை ரொம்ப தூரம் போகாதும்மா. நாலு வீட்டுக்குள்ள எங்கயாவது ஒண்டிக்கிட்டு இருக்கும். பயந்திருந்தா கூப்பிட்டாலும் சத்தம் குடுக்காது. எதுக்குப் பயந்துச்சு?"

ஜன்னலைப் பார்த்து எந்தப் பூனை பயப்படும்? அன்று காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது மோட்டார். விரட்டியது நான் — பழியைத் தூக்கி இவர் தலையில் போட்டதும் நான்.

மார்ச் 7, வெள்ளி
"மோட்டாரைக் கழட்டணும்" என்றேன். ஏன் என்று இவர் கேட்கவில்லை. ஸ்குரூ டிரைவரோடு வந்து உட்கார்ந்தார். பழைய பெல்ட்டை மாட்டி, மிதிக்கிற சத்தம் அவன் காதில் விழட்டும் என்று இரண்டு பேருமாக மிஷினைப் பின்வாசலுக்கு இழுத்தோம்.

"நான்தான் அவனை விரட்டிட்டேன். உங்களைப் போய்த் திட்டினேன்."

"அதை அப்புறம் பார்க்கலாம். முதல்ல மிதி."

மிதித்தேன். நாலு சட்டைக்குக் காலர் வைத்து முடித்தேன். வெயில் இறங்கும் நேரம், பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடியில், அடுக்கி வைத்த பலகைகளுக்கு நடுவே இரண்டு கண்கள். எழுந்திருக்கப் போனேன். இவர் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"நிறுத்தாத. மிதி."

வரவில்லை. ஆனால் அவன்தான். உயிரோடு இருக்கிறான். அது போதும் இன்றைக்கு.

மார்ச் 8
காலை, மாலை இரண்டு வேளையும் பின்வாசலில்தான் தையல். பலகையோரம் வைத்த கிண்ணம் காலி.

மார்ச் 10
சீருடை இன்னும் பதினொன்று பாக்கி. பள்ளிக்கூடத்து டீச்சர் புதன்கிழமை வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மோட்டார் பரணுக்குப் போய்விட்டது. முழங்கால் பழையபடி வலிக்கிறது. இவர் தைலம் வாங்கி வந்திருக்கிறார். வலது கால் மட்டும்தான் மிதிக்கிறது. இடது காலை அசைக்க விட மாட்டேன் என்கிறான்.